பஞ்சிங் லேப்டாப் எழுந்திருக்கவில்லை: திருப்பூர் எம்பிராய்டரி யூனிட்டில் ஒரு பென்டிரைவ் மீட்பு

திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்த எம்பிராய்டரி யூனிட். பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். நெஞ்சில் லோகோ, காலரில் பெயர், குழந்தைகள் உடுப்பில் கரடிக்குட்டி. பஞ்சிங், அதாவது டிசைனைத் தையல்களாக மாற்றும் வேலை, முழுக்க ஒரே லேப்டாப்பில் நடக்கிறது. 12ஆம் தலைமுறை இன்டெல், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம். அதன் பேட்டரி உப்பிப்போய், யாரோ கழற்றி வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அடாப்டரில் மட்டும்தான் ஓட்டம்.

ஒரு நாள் காலையில் அதை ஆன் செய்தால் நீலத் திரை. பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா காணவில்லை அல்லது அதில் பிழை இருக்கிறது என்ற செய்தி. அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை.

யூனிட்டை நடத்தும் அக்கா கேட்டது ஒரே கேள்விதான். "ஏங்கண்ணு, டிசைனெல்லாம் போயிருச்சா?"

இந்தக் கேள்வியின் கனம் தெரிய, எம்பிராய்டரி கோப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிஷினுக்குப் போகிற கோப்பு டிஎஸ்டி. அதில் இருப்பது ஊசி எங்கே இறங்க வேண்டும் என்ற கணக்கு மட்டும். ஒரு தையலுக்கு 3 பைட், அலகு 0.1 மில்லிமீட்டர், ஒரே தாவலில் அதிகபட்சம் 12.1 மில்லிமீட்டர். எந்த இடத்தில் நூல் மாற்ற வேண்டும் என்று இருக்கும், என்ன நிறம் என்று இருக்காது. பஞ்சிங் சாஃப்ட்வேரில் வரைந்த மூலக் கோப்பில்தான் வடிவம், நிரப்பும் முறை, தையல் நெருக்கம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். பார்ட்டி வந்து "அதே லோகோ, இன்னும் அரை இஞ்ச் பெருசா" என்றால் மூலக் கோப்பு வேண்டும். டிஎஸ்டியை வெறுமனே இழுத்துப் பெரிதாக்கினால் தையல்களுக்கு இடையே துணி பல்லிளிக்கும். மிஷின் மெமரியிலும் யூனிட்டில் சுற்றும் பென்டிரைவ்களிலும் டிஎஸ்டிகள் நிறைய இருந்தன. மூலக் கோப்புகள் அந்த லேப்டாப்பை விட்டால் வேறு எங்கும் இல்லை.

என்ன நடந்திருக்கும்

முந்தின நாள் சாயங்காலம் லேப்டாப் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. யூனிட்டில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் அது எடுத்து லைன் மாறுவதற்குச் சில நொடி ஆகும். மிஷின்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, நின்ற தையலிலிருந்து தொடர்ந்துவிடும். பேட்டரி இல்லாத லேப்டாப்புக்கு அந்தச் சில நொடி போதும், பட்டென்று அணைந்துவிடும்.

இன்றைய கம்ப்யூட்டர்கள் யூஇஎஃப்ஐ முறையில் எழுகின்றன. மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள்தான் முதலில் ஓடும். டிஸ்க்கின் முன்பகுதியில் இஎஸ்பி என்ற சின்னப் பார்ட்டிஷன் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 100 முதல் 260 எம்பி வரை. விண்டோஸை எழுப்பும் பூட்லோடர் என்ற நிரலும் பூட் விவரங்களும் அதில்தான். ஃபர்ம்வேர் படிக்க வேண்டும் என்பதால் அது ஃபேட்32 வடிவில் இருக்கிறது. சி டிரைவின் வடிவமான என்டிஎஃப்எஸ் எழுதப்போகிற மாற்றத்தை முதலில் குறித்துக்கொண்டு அப்புறம் எழுதும், பாதியில் நின்றாலும் மீண்டுவரும். ஃபேட்32க்கு அந்தப் பழக்கம் கிடையாது. சில அப்டேட்டுகள் பூட்லோடரையே மாற்றும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் சி டிரைவ் சேதமில்லாமல் இருக்கும், 100 எம்பி பார்ட்டிஷன் மட்டும் அலங்கோலமாகும். இங்கே நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. இஎஸ்பியைத் திறந்து பார்த்தபோது பூட் விவரங்கள் இருக்கும் பிசிடி கோப்பின் அளவு சைபர் பைட்.

அதாவது டிசைன்கள் எதுவும் போகவில்லை. வாசல்தான் இடிந்திருந்தது. ஆனால் "ஃபார்மேட் பண்ணிரலாம்" என்று ஒருவர் அதற்குள் சொல்லியாகிவிட்டது. சர்வீஸ் வேலையில் இந்த வார்த்தை ரொம்ப மலிவு. அன்று அதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கீழே வருகிறது.

எழாத இரண்டு பென்டிரைவ்கள்

உள்ளே இருக்கும் விண்டோஸ் எழாதபோது பென்டிரைவிலிருந்து மெஷினை எழுப்பிப் பார்ப்பதுதான் வழி. உறவினர் ஒருவர் தன் ஆஸ்தான பென்டிரைவை எடுத்து வந்தார். அதில் இருந்தது ஹைரன்ஸ் பூட் சிடி 15.2. 2012இல் வந்த பதிப்பு, ஒரு காலத்தில் சர்வீஸ் ஆட்கள் எல்லோர் பையிலும் இருந்தது. லேப்டாப்பின் பூட் மெனுவில் அதன் பெயரே வரவில்லை. பென்டிரைவில் கோளாறு எதுவும் இல்லை. அது பழைய பயாஸ் முறையில், டிஸ்க்கின் முதல் பகுதியான எம்பிஆர் வழியாக எழும்படி செய்யப்பட்டது. யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் பென்டிரைவைத் திறந்ததும் ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு, இதைத்தான் தேடும். இல்லையென்றால் பூட் ஆகாத டிரைவ் என்று விட்டுவிடும். பழைய முறையைத் தாங்கும் சிஎஸ்எம் வசதியை 2020க்குள் கைவிடப்போவதாக இன்டெல் 2017இலேயே சொல்லியிருந்தது. இந்த லேப்டாப்பின் அமைப்பில் சிஎஸ்எம் என்ற வரியே இல்லை.

இரண்டாவது, என் பையில் கிடந்த பழைய உபுண்டு லினக்ஸ் பென்டிரைவ். மெனுவில் பெயர் வந்தது, தேர்ந்தெடுத்ததும் "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று ஒரு வரி வந்து மெஷின் அணைந்தது. இதன் கதை 2024 ஆகஸ்டில் தொடங்குகிறது. செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்துள்ள நிரல்களை மட்டும் எழவிடும் காவல், இருக்கும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் எழ, மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சின்ன நிரல் முதலில் ஓடும். அந்த மாத விண்டோஸ் அப்டேட், ஓட்டை உள்ள பழைய பூட்லோடர்களை ஏற்கக் கூடாது என்ற விதியை ஃபர்ம்வேரில் எழுதியது. அதோடு பழைய லினக்ஸ் பென்டிரைவ்கள் பலவும் செல்லாக்காசாகிவிட்டன.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. ஃபர்ம்வேருக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவார்கள். இணையத்தில் பாதி வழிகாட்டிகள் இதைத்தான் முதல் படியாகப் போட்டிருக்கின்றன. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று தெரியாமல் அதில் கை வைக்கவே கூடாது என்பேன். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் சாவி, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் காவலில் இருக்கிறது. மெஷின் எழும் சூழல் முன்பிருந்தபடியே இருந்தால்தான் சிப் அதைக் கொடுக்கும். செக்யூர் பூட்டை அணைப்பதும் சூழல் மாற்றம்தான். டிபிஎம்மை அழிக்கட்டுமா என்று ஃபர்ம்வேர் கேட்டால் ஆமாம் சொல்வது இன்னும் மோசம்.

இரண்டு பென்டிரைவ், இரண்டு வேலை

யூனிட்டில் பென்டிரைவுக்குப் பஞ்சமில்லை. மேசை டிராயரில் நூல்கண்டு, பாபின், ஊசிப் பொட்டலம் இவற்றுக்கு நடுவே எண்ணெய்க் கறையோடு ஒரு குவியலே கிடந்தது. பழைய மிஷின்கள் பெரிய கொள்ளளவைப் படிப்பதில்லை என்பதால் எல்லாம் 2 ஜிபி, 4 ஜிபி. அளவும் போதாது, உள்ளே டிஎஸ்டிகளும் இருந்தன. பூட் பென்டிரைவ் செய்யும் எந்தக் கருவியும் முதலில் டிரைவை முழுசாகத் துடைத்துவிடும். அதனால் புதிதாக இரண்டு 32 ஜிபி வாங்கச் சொன்னேன். பிளாட்பாரத்தில் விற்கும் "2 டிபி" பென்டிரைவ்கள் பக்கம் போகக் கூடாது. உள்ளே சில ஜிபிதான் இருக்கும், கொள்ளளவு பொய்யாக எழுதப்பட்டிருக்கும், எழுதும்போது பிழையே காட்டாது. சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிடலாம்.

ஒன்றில், பழுது பார்க்க, விண்டோஸ் 11. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலே போதும், 8 ஜிபி பென்டிரைவ் இருந்தால் அதுவே எழுதிக் கொடுத்துவிடும். ஐஎஸ்ஓவை, அதாவது விண்டோஸ் நிறுவல் முழுதும் அடங்கிய ஒரே கோப்பை, தனியாக இறக்கி நாமே ஃபேட்32 டிரைவில் நகலெடுக்கப் போனால் இன்ஸ்டால் டாட் விம் என்ற கோப்பில் முட்டிக்கொள்ளும். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது, அந்தக் கோப்போ அதைவிடப் பெரியது. டூல் அதற்குப் பதிலாக இறுக்கமாகச் சுருக்கிய ஈஎஸ்டி கோப்பைப் போடுகிறது. பூட் பென்டிரைவ் எழுதும் இன்னொரு கருவியான ரூஃபஸ் வேறு தந்திரம் செய்யும். டிரைவை என்டிஎஃப்எஸ் ஆக்கி, ஓரத்தில் அதைப் படிக்கத் தெரிந்த குட்டிப் பார்ட்டிஷன் ஒன்றை வைக்கும். பழைய ரூஃபஸில் அந்தக் குட்டிக்குக் கையெழுத்து இல்லை, செக்யூர் பூட் தடுத்துவிடும். இப்போது அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்றில், கோப்புகளை நகலெடுக்க, உபுண்டு 24.04இன் புதிய வெளியீடு. ஐஎஸ்ஓவை இறக்கியதும் கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்த்துவிட்டு, ரூஃபஸில் பார்ட்டிஷன் முறை ஜிபிடி, இலக்கு யூஇஎஃப்ஐ என்று கொடுத்து எழுதினேன். மீட்புக்கென்றே செய்த சிஸ்டம்ரெஸ்க்யூ எனக்குப் பிடித்ததுதான், கருவிகள் ஏராளம். ஆனால் அதற்குச் செக்யூர் பூட் ஆதரவு இல்லை. இந்த மாதிரி மெஷினில் அது ஒன்றே அதை ஒதுக்கி வைக்கப் போதுமான காரணம்.

ஒரே பென்டிரைவில் எல்லா ஐஎஸ்ஓவையும் போடும் வென்டாய் பற்றிக் கேட்பார்கள். சொந்த மெஷினுக்கு நன்றாக இருக்கும். செக்யூர் பூட் உள்ள இடத்தில் முதல் தடவை அதன் சாவியை ஃபர்ம்வேரில் பதிய வேண்டும். அடுத்தவர் மெஷினில், அதுவும் பூட்டியிருக்கக்கூடிய மெஷினில், நான் அதைச் செய்வதில்லை. ஸ்னாப்டிராகன் சிப்போடு வரும் லேப்டாப் என்றால் இந்த இரண்டுமே எழாது, அதற்கு ஏஆர்எம் பதிப்பு வேண்டும்.

சாவி யாரிடம்

உபுண்டு பென்டிரைவ் தடையில்லாமல் எழுந்தது. இன்ஸ்டால் செய்யாமல் "டிரை" என்பதைத் தேர்ந்தெடுத்து டெஸ்க்டாப்புக்குப் போனோம். எஸ்எஸ்டி தெரிந்தது. அதன் உடல்நிலையை ஸ்மார்ட் கருவியில் பார்த்தேன். மீடியா பிழை சைபர், தேய்மானம் சில சதவீதம்தான். பிழை எண்ணிக்கை ஏறியிருந்தால் வழியே வேறு. கோப்புகளைத் தொடாமல் முதலில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் பார்ட்டிஷனை இரண்டு கிளிக் செய்ததும் சாவி கேட்டது. பிட்லாக்கர்.

"நாங்க பாஸ்வேர்டே போடலீங்களே ணா" என்றான் பஞ்சிங் தம்பி. உண்மைதான், யாரும் போடவில்லை. விண்டோஸ் ஹோமிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று ஒன்று உண்டு. தகுதியுள்ள மெஷினில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல் தடவை உள்ளே போகும்போதே அது தானாகப் பூட்டிக்கொண்டு, மீட்புச் சாவியை அந்தக் கணக்கில் போட்டுவிடும். மெஷின் நன்றாக இருக்கும்வரை டிபிஎம் சத்தமில்லாமல் திறந்துகொண்டே இருக்கும். பூட்டு இருப்பதே உடையும் நாளில்தான் தெரியும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இந்தத் தகுதி விதிகள் இன்னும் தளர்ந்துவிட்டன, ஆகவே புது மெஷின் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தபோதும் பல இடங்களில் இதே தொல்லைதான். அழிக்க வேண்டியது ஒரு கோப்பு. அதை அடைய ஒவ்வொரு மெஷினின் 48 இலக்கச் சாவி வேண்டியிருந்தது.

ஃபார்மேட் யோசனைக்கு வருவோம். பூட்டிய டிஸ்க்கில் புது விண்டோஸ் போட்டால் பழைய சாவி இருந்த தலைப்பகுதிகளும் போய்விடும். அதன் பிறகு கோப்பு மீட்கும் மென்பொருள் எதை ஓட்டினாலும் கிடைப்பது வெறும் குப்பை. கணக்கில் 48 இலக்கமும் பத்திரமாக இருந்தாலும் திறப்பதற்குக் கதவு இருக்காது.

சரி, எந்தக் கணக்கு? அக்காவின் கணக்கா என்றால் அவருக்கு அப்படி ஒன்று கிடையாது. பஞ்சிங் தம்பி தன் ஜிமெயிலைச் சொன்னான், அதில் ஒன்றும் இல்லை. லேப்டாப் வாங்கிய கடையில் ஒரு பையன் "எல்லாம் ரெடி பண்ணி" கொடுத்ததாக நினைவு. இந்த வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. கடைக்காரர் அவசரத்துக்கு ஏதோ ஒரு கணக்கை உருவாக்கி மெஷினை ஆன் செய்து காட்டி, சிரித்த முகத்தோடு பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். டிஸ்க்கின் சாவி அந்த நிமிடத்திலேயே யாருக்கும் நினைவில்லாத ஒரு முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அக்கா ஜிஎஸ்டி பில்களை வருஷவாரியாகக் கோத்து வைப்பவர். லேப்டாப் வாங்கிய வருஷத்து ஃபைலை எடுத்துப் புரட்டினார். பில்லோடு பின் அடித்திருந்த வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில் நீலப் பேனாவில் ஒரு அவுட்லுக் முகவரி, அதற்குக் கீழே ஒரு பாஸ்வேர்டு. யூனிட்டின் பெயரோடு நான்கு எண் சேர்த்து அந்தப் பையன் உருவாக்கியிருக்கிறான். உள்ளே போக ஓடிபி கேட்டது. நல்லவேளையாகக் கொடுத்திருந்த கைபேசி எண் அக்காவுடையது, இன்னும் உபயோகத்தில் இருக்கிறது.

கணக்கின் மீட்புச் சாவிப் பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தன. எது நமக்கானது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு அடையாள எண் உண்டு. உபுண்டுவில் கிரிப்ட்செட்டப் கருவி பூட்டிய பார்ட்டிஷனின் தலைப்பைப் படித்து அதே எண்ணைக் காட்டும். முதல் 8 எழுத்து பொருந்திய சாவியை எடுத்தோம். ஆறாறு இலக்கமாக எட்டுக் கூட்டம். தம்பி உரக்கப் படிக்க நான் அடித்தேன், திறந்துகொண்டது.

முதலில் நகல்

பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்ற முறையில்தான் ஏற்றினேன். கரண்ட் போய் அணைந்த என்டிஎஃப்எஸ்ஸில் லினக்ஸிலிருந்து எழுதுவது தேவையில்லாத வீரம். டிசைன் ஃபோல்டர்கள் பார்ட்டி வாரியாக இருந்தன, சிலவற்றுக்குத் தமிழில் பெயர். அவையும் சிதையாமல் வந்தன. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு எல்லாவற்றையும் நகலெடுத்தோம். பப்ளிக் ஃபோல்டருக்குள் இருந்த டேலி டேட்டாவும் சேர்ந்து வந்தது. அது அங்கே இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. கூடவே இஎஸ்பியின் நகல் ஒன்று. சில கோப்புகளை பில்லிங் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் பழுது வேலையில் இறங்கினேன்.

அப்புறம் வாசல்

விண்டோஸ் பென்டிரைவில் எழுப்பி, ரிப்பேர் வழியாகக் கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போனோம். டிஸ்க்பார்ட் கருவியில் டிஸ்க்குகளின் பட்டியல் கேட்டால் பென்டிரைவ் மட்டும் நிற்கிறது, எஸ்எஸ்டியைக் காணோம். தம்பி முகம் வெளிறிவிட்டது. "இப்பத்தானுங்ணா இருந்துச்சு!"

11ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் லேப்டாப்களில் எஸ்எஸ்டி நேரடியாக இல்லாமல் விஎம்டி என்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும். லினக்ஸ் கெர்னலில் அதற்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் பல சமயம் இருக்காது. இங்கேயும் ஃபர்ம்வேரில் விஎம்டியை அணைத்துவிடு என்பார்கள். அணைத்தால் டிஸ்க் தெரியும்தான், ஆனால் உள்ளே இருக்கும் விண்டோஸ் விஎம்டி வழியாக எழப் பழகியது, அது வேறு நீலத் திரையில் போய் நிற்கும்.

டிரைவரைப் பென்டிரைவிலேயே வைத்திருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவர் பெரும்பாலும் ஒரே இஎக்ஸ்இ கோப்பாகத்தான் கிடைக்கும். மீட்புச் சூழலில் அதை ஓட்ட முடியாது. வேறு கம்ப்யூட்டரில் விரித்து, டிரைவர் விவரம் இருக்கும் ஐஎன்எஃப் கோப்பு வெளியே தெரியும்படி ஒரு ஃபோல்டரில் போட வேண்டும். பென்டிரைவ் செய்தபோதே அதைப் போட்டிருந்தேன். டிரைவர் லோட் கட்டளைக்கு அந்த ஐஎன்எஃப்பைக் காட்டியதும் எஸ்எஸ்டி பட்டியலில் வந்து உட்கார்ந்தது.

மீதி வேலை சீக்கிரம் முடிந்தது. மேனேஜ் பிடிஇ கட்டளையில் அதே 48 இலக்கத்தைக் கொடுத்து விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்தோம். மீட்புச் சூழலில் அது சி என்றுதான் வரும் என்று நம்பக் கூடாது. உள்ளே விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். இஎஸ்பிக்கு எஸ் என்று எழுத்துக் கொடுத்து, டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் செக்டிஸ்க் ஓட்டினேன். பிசிடி திரும்பவில்லை. நகல் கையில் இருந்ததால் இஎஸ்பியை ஃபேட்32இல் ஃபார்மேட் செய்துவிட்டு, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை யூஇஎஃப்ஐ முறைக்குப் புதிதாக எழுதினேன். அன்றைக்கு ஃபார்மேட் ஆனது அந்தச் சின்னப் பார்ட்டிஷன் ஒன்றுதான்.

பென்டிரைவை உருவி மறுபடி ஆன் செய்ததும் ஒருமுறை சாவி கேட்டது. அது எதிர்பார்த்ததே. கொடுத்ததும் பழைய டெஸ்க்டாப், பாதியில் நின்ற டிசைன் எல்லாம் அப்படியே வந்தன. அடுத்த தடவை ஆன் செய்தபோது கேட்கவில்லை.

யூனிட்டில் இப்போது

இரண்டு பென்டிரைவுக்கும் லேபிள் ஒட்டி, செய்த மாதத்தையும் எழுதியிருக்கிறது. மாதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. செக்யூர் பூட்டின் அடிப்படையான 2011ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து முடியத் தொடங்குகிறது, 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. காலம் முடிந்ததும் மெஷின் நின்றுவிடாது. ஆனால் புதுச் சான்றிதழ் ஏறாத ஃபர்ம்வேர் புதுச் சான்றிதழில் மட்டும் கையெழுத்தான பென்டிரைவை ஏற்காது, பழையதைத் தடை செய்துவிட்ட ஃபர்ம்வேர் பழைய பென்டிரைவை ஏற்காது. ஆகவே மெஷின் நன்றாக இருக்கும்போதே இரண்டையும் ஒருமுறை எழுப்பிப் பார்த்துக்கொள்ளும்படி தம்பியிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். இந்த லேப்டாப்பில் எஃப்12 அழுத்தினால் பூட் மெனு. வேறு கம்பெனி மெஷின்களில் எஃப்9, எஸ்கேப் என்று மாறும்.

சாவியை இரண்டு தாளில் பிரிண்ட் எடுத்தோம். ஒன்று பில் ஃபைலில், இன்னொன்று அக்கா வீட்டு பீரோவில். பென்டிரைவிலேயே போட்டு வைக்கலாமே என்று தம்பி கேட்டான். லேப்டாப் பையில் பூட்டும் சாவியும் ஒன்றாகப் போனால் என்கிரிப்ஷனே வீண் என்று மறுத்துவிட்டேன். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு முகவரியாக அக்கா மகளின் மெயிலையும் சேர்த்தாகிவிட்டது.

டிசைன் ஃபோல்டர் இனி சனிக்கிழமை கூலி போடும் நேரத்தில் வெளி டிஸ்க்குக்கு நகலாகும். புது பேட்டரிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. வரும்வரை லேப்டாப் அடாப்டரை பில்லிங் கம்ப்யூட்டரின் யூபிஎஸ்ஸில் செருகியிருக்கிறார்கள். ஒயர் எட்டாததால் பஞ்சிங் மேசை இப்போது வாசல் பக்கம் நகர்ந்துவிட்டது, வருகிற பார்ட்டியெல்லாம் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள் என்பதுதான் தம்பியின் புகார்.